மேசை மேல வெக்க வேண்டிய சீலு

அடில இருக்கறத மொதல்ல கழட்டுய்யா, அடில இருக்கறத! லாரி பின்னச்சு எண்ணெய எறக்கணும்னா கீழ இருக்கற மூடியத்தான தொறக்கணும்? நீ இன்னான்னா பக்கவாட்டுல இருக்கற மூடிகிட்ட போயி மல்லுக்கட்டிக்கினு கெடக்கற. விழுப்புரத்துல எல்லாம் இப்பிடித்தான் வேலை பாக்கறீங்களா? … இன்னாது? ஊத்தற மூடி தொறக்குதான்னு பாத்துட்டுத்தான் எறக்கற மூடியில கைய வெக்கணுமா? கீழ எல்லாத்தையும் எறக்கிட்டு, அப்பறம் இது தொறக்கலன்னா புது எண்ணெய எதுவழியா ஊத்தறதா? … ம். அது ஒரு பாயிண்டுதான். ஆனா அதெல்லாம் தொறக்கும்யா. அது இத்தினி நாளா இதுக்கு வேலை பாத்த மெக்கானிக்கு சவுரிராயன் முடுக்குன மூடி. அவன் கையில பெலம் ஏது?

சரி, நீ வேலையப் பாரு. வாயில டார்ச்ச கவ்விக்கினு பதில் சொல்லாத, ஒண்ணும் வெளங்கல. உன் காலு ரெண்டுந்தான் எனக்குத் தெரியுது, நான் அதுங்ககிட்டயே பேசிக்கிறேன். பவுனு! ஏ பவுனு! மெக்கானிக்குக்கு மோர் கொண்டா! … எம் பொண்டாட்டிக்கு காது நல்லாக் கேக்கும் மணிமாறா, நான் கூப்புட்டா மட்டும் கேக்காது. முப்பத்திரெண்டு வருசமா இதே பேஜாரு.

மணி பதினொண்ணு ஆவுது. அஞ்சு மணிக்கு சங்கத்துல கூட்டம். லாரி ஓனருங்க சங்கம்யா, நம்ம திண்டிவனத்து சங்கம். இன்னிக்கு ஒரே விசயந்தான். சவுரிராயன் பட்டறைக்கு இனிமே எவனும் வண்டி உடக் கூடாது. அத நான்தான் எழுதிக் குடுத்திருக்கறேன். தலைவரு தேவநாதன் இன்னா சொல்றாரு, 'துரைக்கண்ணு, வாயால சொன்னா ஆவாது, ஒரு ஆளு பொழப்புல கைய வெக்கறோம், அத்தாட்சி வேணும்'ன்றாரு. அத்தாட்சியா? இந்தா, இந்த அச்சுக்குள்ள இருக்குது அத்தாட்சி. அத எடுக்கத்தான உன்ன விழுப்புரத்துலேர்ந்து வரவெச்சேன். உள்ளூரு மெக்கானிக்கு எவனும் வர மாட்டேன்னுட்டானுங்க. சவுரிராயன் தொட்ட வண்டிய நாங்க எப்படிண்ணே பிரிக்கறதுன்றானுங்க. இன்னாமோ அவன் தொட்டுட்டா கோயில் செலை மாதிரி!

காலையில வந்தவொடனே கற்பூரம் ஏத்தி, பம்பர் மேல கைய வெச்சு சத்தியம் பண்ணியே, ஞாபகம் இருக்குதா? இந்த அச்சுல எது கோளாறோ, அத நீயே உன் கையால துணியில சுத்தி எடுத்துக்கினு போயி, சங்கத்து மேசை மேல வெச்சு, இதுதான் கோளாறுன்னு சொல்லணும். நான் தொடவே மாட்டேன். நான் தொட்டா, துரைக்கண்ணு மாத்தி வெச்சுட்டான்னு பேசுவானுங்க. அங்க பாதிப் பேருக்கு சவுரிராயன் மேல பாவமாம்! எவனாவது வழியில உன்னத் தடுப்பான், நிக்காத. நானே வந்து தடுத்தாலும் நிக்காத. அப்பிடித்தான் உன்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கறேன். நான் ஒரு வாட்டி சொன்னா சொன்னதுதான்யா.

கோளாறு எதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். பின் சக்கரத்து ஹப்புக்குள்ள ரப்பரு வளையம் மாதிரி இருக்குது பாரு சீலு, அதுதான். சீலு நல்லா இருந்தா அச்சுக்குள்ள இருக்கற எண்ணெய் அச்சுக்குள்ளயே இருக்கும். சீலு செத்துப்போச்சின்னா எண்ணெய் கசிஞ்சு வந்து பிரேக்கு லைனிங் மேல ஏறிக்கும். அப்பறம் நீ பிரேக்க மிதிச்சிக்கினே இருக்க வேண்டியதுதான், வண்டி அது பாட்டுக்குப் போவும். ஒரே வருசத்துல மூணு வாட்டி ஒழுவிச்சு. மூணு வாட்டியும் சவுரிராயன் புது சீலு போட்டேன் புது சீலு போட்டேன்னு சொன்னான். புது சீலு எந்த ஊர்லய்யா நாலு மாசத்துல ஒழுவும்? பழசையே மண்ணெண்ணெயில தொடைச்சு மாட்டிட்டு புதுசுன்னு சொல்லியிருக்கறான். இத கண்டுபுடிக்க பெரிய படிப்பா படிக்கணும்?

பங்குனி மாசம் நடந்தது உனக்குத் தெரியாது. மரக்காணத்துல உப்பு ஏத்திக்கினு வர்றேன். பிரம்மதேசம் தாண்டி ரோட்டு மேலயே மல்லாட்டை காயவெச்சிருக்கறானுங்க, அவ்ளோ கடலையும் ரோட்டுல. அதுவே ஒரு அக்குருமம். கவருமெண்டு ரோடு போடறது இவனுங்க மல்லாட்டை காயறதுக்கா? நாலு வழி ரோடு போடறேன், நாலு வழி ரோடு போடறேன்னு பெரிய ரோட்டத் தோண்டிப் போட்டு மூணு வருசமாவுது, அதுவும் முடியல. முடிஞ்சா அதுலயும் மல்லாட்டைதான் காயவெப்பானுங்க, நாலு வழியிலயும். … இன்னா சொல்லிக்கினு வந்தேன்? ஆங், பிரேக்கு. தூரத்துலயே பாத்துட்டேன், வெள்ளையம்மான்னு ஒரு கெழவி, குனிஞ்சிக்கினு மல்லாட்டையத் தள்ளிக்கினு இருக்குது. பிரேக்க மிதிச்சேன். ஒண்ணுங் காணம். மறுபடியும் மிதிச்சேன். வண்டி வழுக்கிக்கினு போவுது. ஆரனு அடிச்சா அதுக்குக் காது கேக்கல. கியர எறக்கி, ஸ்டேரிங்க ஒடிச்சு, மல்லாட்டைக் குமியல்ல ஏத்தி, புளியமரத்துகிட்ட போயி நின்னுச்சு. கெழவிக்கும் பம்பருக்கும் எத்தினி தூரம் இருந்திச்சின்ற? இந்தா, என் கையி ஒரு மொழம். அதுகூட இல்ல.

கெழவி என்னத் திட்டுனா பாரு, ஏழு தலைமொறைக்கும் சேத்து.   நாப்பது வருசமா ஸ்டேரிங் புடிக்கறேன், ஒரு கோழியக்கூட ஏத்துனவன் இல்ல. அன்னிக்கு ராத்திரிலேர்ந்து கண்ண மூடுனா அந்தக் கெழவியோட குனிஞ்ச முதுகுதான் தெரியுது. அந்த ஆத்திரந்தான் மணிமாறா எனக்கு. ஒரு சீலுல திருட்டுத்தனம் பண்ணி, ஒரு உசுரு போவ இருந்திச்சேன்ற ஆத்திரம்.

மறுநாளே டீக்கடையில வெச்சுக் கேட்டுட்டேன். பத்துப் பேரு இருக்கறானுங்க. 'இன்னாடா சவுரிராயா, பழைய சீலத் தொடைச்சு மாட்டி ஆளக் கொல்லப் பாக்கறியா?'ன்னேன். அவன் டீய கீழ வெச்சான். கோவிச்சுக்கல, சத்தம் போடல, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலு. தப்பு இல்லாதவன் சத்தம் போடுவானா மாட்டானா நீயே சொல்லு. எழுந்து நின்னு, 'அண்ணே, இனிமே உன் வண்டிக்கு அடில என் முதுகு படாது'ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டான். இருவத்திரெண்டு வருசமா இந்த வண்டிக்கு அடில படுத்தவன் பேசற பேச்சாய்யா அது? தொண்ணூத்தாறுல ஒரு மழை பேஞ்சுதே, மயிலம் ரோட்டுல அச்சுக்குள்ள இருக்கற கிரவுனு பல்சக்கரம் ஒடைஞ்சு நின்னுட்டேன், அப்ப வந்து கணுக்கால் தண்ணியில சாக்கு விரிச்சுப் படுத்துக்கினு ரெண்டு நாளு வேலை பாத்தான். வெளிய வர்றப்ப ஒடம்பு பூரா ஊறிப்போயி வெளுத்துக் கெடக்குது. அப்ப முதுகு பட்டுச்சு, இப்ப படாதாம். பெரிய ரோசம்!

பட்டறைய மூடிட்டா இன்னா ஆவும்னு கேக்கறியா? … நீ கேக்கல, சரி, தேவநாதன் கேட்டாரு. கண்டமங்கலத்துல மச்சான் இருக்கறானாம், அங்க போயி, அங்கேர்ந்து பாண்டிச்சேரிக்குப் போயி, ஏதாவது கம்பெனி வாசல்ல வாட்ச்மேனா நிப்பான். நிக்கட்டும். அறுவது வயசுக்கு நிழல்ல ஒரு ஸ்டூலு கெடைக்கும். எனக்கு இன்னா வந்துச்சு?

… இன்னும் தொறக்கலியா அந்த மூடி? நான்தான் சொன்னனே, அடிலேர்ந்து ஆரம்பின்னு. சரி, அடி. சுத்தியால மெதுவா அடி. பெயிண்ட்ட பேத்துடாத! அது போன ஆயுத பூசைக்கு அடிச்ச சில்வரு. உப்பு லோடு அடிக்கற வண்டிக்கு பெயிண்டுதான்யா உசுரு. நீ இந்த ஊர்ல எந்த உப்பு லாரிய வேணாலும் பாரு, துருப்புடிச்சு முறுக்கு மாதிரி நொறுங்கும். இது அறுவத்தேழு மாடலு. எஞ்சினு முன்னாடி நீட்டிக்கினு இருக்கற மூக்கு வண்டி. இப்ப இந்த ரகத்த எங்கயாவது பாத்திருக்கறியா? போன மாசம் பாண்டிச்சேரிலேர்ந்து ஒருத்தன் கார்ல வந்தான், அர டவுசரு, கறுப்புக் கண்ணாடி. ஓட்டலு கட்டறானாம், வாசல்ல அழகுக்கு நிப்பாட்டி வெக்க இந்த வண்டி வேணுமாம். உள்ள பூந்தொட்டி வெப்பானாம்! ஓடற வண்டியில பூந்தொட்டியா, எழுந்து போடான்னேன். டீசலு வாசம் அடிச்சதுக்கே மூக்கப் பொத்திக்கினான் அவன்.

வண்டி இப்பிடி இருக்குதுன்னா யாரால? என்னால. வருசா வருசம் ஆயுத பூசைக்கு நானே என் கையால பெயிண்ட் அடிக்கறேன். மின்ன எல்லாம் அந்தோணிசாமின்னு ஒரு பெயிண்டரு வருவான். அவன மாதிரி சோம்பேறிய நீ பாத்திருக்க மாட்ட. அச்சு மேல அடிக்கறப்ப மட்டும் அங்க ஒரு எடத்துல துணியச் சுத்தி வெச்சுட்டு, அந்த எடத்த மட்டும் அடிக்காம உட்டுடுவான். கேட்டா, அது அப்பிடித்தாண்ணே உடணும்னுவான். ஏன்டா உடணும், துருப்புடிக்கறதுக்கா? தொண்ணூத்தேழுல அவன் வேணான்னு தொரத்திட்டேன். அதுலேர்ந்து நான்தான் சாக்கு விரிச்சுப் படுத்து, ஒரு எடம் உடாம, இண்டு இடுக்கெல்லாம் பிரஷ்ஷ வுட்டு அடிப்பேன். அடிச்சு காஞ்சதும் சந்தனத்தக் கெட்டியாக் கொழைச்சு, எங்கெங்க நட்டு இருக்குதோ, எங்கெங்க மொட்டு மாதிரி நீட்டிக்கினு இருக்குதோ, அங்கெல்லாம் அப்பி, மேல குங்குமம். ஜனங்க முன்னாடி பம்பருக்கு மட்டும் வெப்பானுங்க. நான் அடில இருக்கறதுக்கும் வெப்பேன். வண்டியத் தூக்கிக்கினு ஓடறது அதான?

இதுல சவுரிராயன் பேச்சு ஒண்ணு கேளு, வயிறு வலிக்கச் சிரிப்ப. மாசி மாசம் மூணாவது வாட்டி சீலு மாத்தறான். மாத்திட்டு வெளிய வந்து தலையச் சொறிஞ்சிக்கினு நிக்கறான். இன்னாடான்னா, 'அண்ணே, சீலு மேல தப்பு இல்லண்ணே. அச்சுக்கு மூச்சு முட்டுது'ன்றான்! அச்சுக்கு! இரும்புக்கு! வண்டி ஓடறப்ப உள்ள சூடாவுதாம், சூடானா காத்து உப்புதாம், அந்தக் காத்து வெளிய போவறதுக்கு மேல எங்கயோ ஒரு மூக்கு இருக்குமாம். அது அடைச்சிக்கினா காத்து எண்ணெயப் புடிச்சு சீலு வழியாத் தள்ளுமாம். பெயிண்ட்ட சொரண்டி அந்த மூக்கத் தேடணுமாம். பூசை போட்டு அஞ்சு மாசங்கூட ஆவல, சில்வரு பளபளன்னு இருக்குது, இவன் கத்திய எடுத்துக்கினு சொரண்டறதுக்கு வர்றான். கிட்ட வராதடான்னு சொல்லிட்டேன். டீக்கடையில இத சொல்லிச் சொல்லி நான் சிரிச்சத நீ பாத்திருக்கணும். 'சவுரிராயா, ஒரு டாக்டரக் கூட்டியா, என் லாரிக்கு இளைப்பாம்'ன்னேன். கடையே சிரிச்சுது. அவனும் சிரிச்சான், லேசா.

ஆங், அசையுதா? அசையுது, அசையுது. திருப்பு. இரு, நானும் கிட்ட வந்து பாக்கறேன். சட்டையப் பத்திக் கவலப்படாத, கூட்டத்துக்குப் போட்டுக்கினு போறதுக்கு இப்பவே வெள்ளையும் சொள்ளையுமா மாட்டிக்கினேன், நான் ஒண்ணும் தொடப் போறதில்ல. எண்ணெய் சூடாத்தான் இருக்கும், நீ சொன்னியேன்னுதான் காலையில மயிலம் ரோடு வரைக்கும் வெறும் வண்டிய மெதுவா ஓட்டிக்கினு போயி வந்தேன். சூடா இருந்தாத்தான் அழுக்கோட சேந்து எறங்கும், அது எனக்கும் தெரி— அய்யய்யோ! ஏய்! இன்னாய்யா இது! புஸ்ஸுன்னு! பாம்பாய்யா உள்ள? … ஐயோ, மூஞ்சி பூரா… சட்டை பூராவும்… பவுனு! துணி கொண்டா! சிரிக்காத, துணியக் கொண்டா!

… இன்னாய்யா அப்பிடி சீறுது? சோடா பாட்டிலு தொறந்த மாதிரி. ஏன் நீ தலைய வெளிய நீட்டி என்னப் பாக்கற? எனக்கு இன்னா தெரியும்? உள்ள காத்து இருந்திருக்கும். சூடாச்சில்ல, காத்து இருந்… இருக்கும். அதெல்லாம் இருக்கறதுதான். எல்லா வண்டிக்கும் அப்பிடித்தான். நீ வேலையப் பாரு.

கீழ் மூடியத் தொறந்தியா? ஊத்து, ஊத்து, அந்த டப்பாவுல உடு. … பாரேன், கேப்பைக் கூழு கரிஞ்ச மாதிரி வருது. வாசன வேற. இது நான் ஊத்துனப்ப தேனு நெறமா இருந்த எண்ணெய்யா. தொண்ணூறு நம்பரு. ஆயிலு கடைக்காரன் நூத்திநாப்பது போடுங்க, பழைய வண்டிக்கு கெட்டியா இருந்தாத்தான் ஒழுவாதுன்னு சொன்னான். எண்ணெய் விக்கறவன் வண்டிக்கு வைத்தியம் சொல்றான் பாரு! … மூடியில காந்தம் இருக்குதா? இரும்புத் தூளு எவ்ளோ ஒட்டிக்கினு இருக்குது? மாவு மாதிரிதானா? பல்லு ஒடைஞ்ச துண்டு எதுவும் இல்லியா? அதான பாத்தேன். கிரவுனு நல்லா இருக்குது. கிரவுன மாத்துனதும் சவுரிராயன்தான், தொண்ணூத்தாறுல, அந்த மழையில. அப்ப எல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சிக்கினு இருந்தான். அப்பறந்தான் புத்தி மாறிப்போச்சு.

சாப்புட்டியா? கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்திக்கினு இருக்கலாம், நீ கூச்சப்படற. மணி ரெண்டரை ஆச்சு, ஜல்தி. சக்கரத்தக் கழட்டு. நான் ஜாக்கிக்கிட்ட நிக்கறேன். … இழு. ஹப்ப இழு. டிரம்முக்குள்ள பாரு, எண்ணெய் எப்பிடிக் கொழகொழன்னு நிக்குதுன்னு! நான் சொன்னனா இல்லியா? இதுதான்யா! இந்த லைனிங்கத்தான்யா நான் அன்னிக்கு மிதிச்சேன் மிதிச்சேன்னு மிதிச்சிக்கினு இருந்தேன். இப்ப அந்தச் சீல எடு. கிழியாம எடு. மேசை மேல வெக்கறப்ப முழுசா இருக்கணும். தேவநாதன் கண்ணாடியப் போட்டுக்கினு பாக்கட்டும். பழைய சீலு, வாய் தேஞ்சு, வெறைச்சுப்போயி…

தொடை. நல்லாத் தொடை.

… இன்னாய்யா இது.

புதுசா இருக்குதே. ரப்பரு மெத்துன்னு இருக்குது. நம்பரு கூட அழியல. … அந்தப் பக்கத்து சக்கரத்தையும் கழட்டு. ஒண்ண மட்டும் புதுசாப் போட்டிருப்பான், கில்லாடி. கழட்டு, கழட்டு, நேரம் இருக்குது.

… இதுவும் புதுசா.

அப்ப சீலு மேல தப்பு இல்லியா? அப்ப ஏன்யா ஒழுவுது? புது சீலு, நல்ல சீலு, ரெண்டு பக்கமும் நல்ல சீலு. எண்ணெய்க்குக் காலா மொளைச்சிருக்குது, எழுந்து நடந்து வர்றதுக்கு? நீ மெக்கானிக்குதான, சொல்லேன்! வந்ததுலேர்ந்து வாயில டார்ச்ச வெச்சிக்கினே இருக்கற. … எங்க போற? மறுபடியும் ஏன் அடில போற? கத்தி எதுக்கு? அங்க எதுக்குய்யா கைய வெக்கற, அது மேல் பக்கம்யா, அச்சு ஹவுசிங்கு மேல, அங்க ஒண்ணும் இல்ல, அது சும்மா ஒரு மொட்டு, சின்னப் புள்ள மூக்கு மாதிரி… நான் வருசா வருசம் பொட்டு வெப்பேன் அதுக்கு…

பெயிண்ட்ட சொரண்டாதன்னு சொன்னன்… சரி. சொரண்டு.

கழண்டு வருதா. மூடி மாதிரி இருக்குதா. ஓட்டை இருக்குதா அதுல? … காட்டு. இல்ல, நான் தொட மாட்டேன், உன் உள்ளங்கையிலயே வெச்சுக் காட்டு. வெளிச்சத்துக்கு வா.

இது மேல இருக்கறது சில்வரு. இது போன வருசம். அதுக்கு அடில கறுப்பு, அது அதுக்கு மின்ன வருசம். இந்தப் பச்சை ரெண்டாயிரத்து ஒண்ணு, பச்சை டப்பா மீதி இருந்திச்சின்னு அடிச்சேன். இந்தச் செவப்பு… ஆமா, செவப்பு தொண்ணூத்தெட்டோ ஒம்பதோ. நடுவுல இந்த மஞ்சளா கல்லு மாதிரி இருக்கறது… அது சந்தனம். கெட்டியாத்தான் கொழைப்பேன், தண்ணியாக் கொழைச்சா ஓடும். ஊசி பூந்து போற ஓட்டைய்யா அது. ஊசிய உட்டுப் பாரு. … போவலியா. ஒரு பொட்டு காத்து கூடப் போவல.

அவன் சொன்னான்யா. மூச்சு முட்டுதுண்ணேன்னு சொன்னான். அந்தோணிசாமியும் சொன்னான், அந்த எடத்த அப்பிடித்தான் உடணும்ணே… பத்துப் பேரு நடுவுல நான் சவுரிராயன… வாட்ச்மேனா நிக்கட்டும்னேன். அந்தக் கெழவிய கொல்லப் பாத்தது அவன் இல்லியா? நானா? சாக்கு விரிச்சுப் படுத்து, என் கையாலயே…

பவுனு, நீ உள்ள போ. இங்க இன்னா பாக்கற? … ஆமா, நீயும் சொன்ன. எல்லாத்துக்கும் ஏன் சந்தனத்த அப்பறன்னு சொன்ன. உள்ள போ.

மணிமாறா. இன்னா பண்ற? அத எதுக்கு துணியில சுத்தற? … சீல மட்டும் எடுத்துக்கினு போ. இல்ல, சீலும் வேணாம். இன்னிக்குக் கூட்டமே வேணாம், நான் தேவநாதனுக்கு போன் பண்ணி, வயித்து வலின்னு… இந்தா, உன் கூலிய வாங்கிக்க. கூடவே தர்றேன். அந்த மூடிய மட்டும் இங்க வெச்சுடு. அது என் வண்டி சாமான்யா! … சத்தியமா? அது சவுரிராயனுக்காக வாங்குன சத்தியம்யா, எனக்காவா வாங்குனேன்? … 'நானே தடுத்தாலும் நிக்காத'ன்னு சொன்னேன், ஆமா சொன்னேன், சொன்னா சொன்னதுதான்னும் சொன்னேன், ஆனா… யோவ்! பைக்க ஸ்டார்ட் பண்ணாத! மணிமாறா! கால்ல விழறேன்யா! … நிக்காம போறான் பாரு. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே நிக்காம போறான்.

எந்த வண்டியில தொரத்தறது? ரெண்டு சக்கரமும் கழண்டு, எண்ணெயும் இல்லாம, கட்டையில நிக்குது இது.

பவுனு! சைக்கிள எடு! … வேற சட்டை வேணாம். இந்த எண்ணெயோடவே போறேன், பாக்கட்டும். மணி நாலரை. குறுக்கால போனா அவனுக்கு மின்ன போயிடுவேன். அவன் அத மேசை மேல வெக்கட்டும், வெக்கறதுக்கு மின்ன நான் வாயத் தொறந்துடணும். எவன் வாயிலேர்ந்தோ அது வரக் கூடாது. சவுரிராயனையும் கூட்டத்துக்குக் கூப்புட்டிருக்கறாங்களே, அங்கதான் சொவத்து ஓரமா நின்னுக்கினு இருப்பான், உக்காருன்னா உக்கார மாட்டான். பெரிய ரோசம் அவனுக்கு. … இருக்கட்டும். இருக்க வேண்டியதுதான்.

அவன்கிட்ட இன்னா சொல்றதுடி பவுனு? மன்னிச்சுக்கன்ற வார்த்தை என் வாயில வராது, உனக்குத் தெரியும். இப்பிடிச் சொல்றேன்: 'சவுரிராயா, உன் முதுகு இனிமே என் வண்டிக்கு அடில பட வேணாம்பா. சாக்க விரிச்சு நான் படுத்துக்கறேன். நீ மேல நின்னுக்கினு, இது இதுன்னு சொல்லு, போதும்.'